ஒரே விடுதியில் இருந்தவர்கள்

போன மாதம் ஒரு நாள் காலை, மில் சங்கு ஊதிய சற்று நேரத்தில் புதுச்சேரியிலிருந்து போன் வந்தது. அந்த நேரத்தில் போன் வந்தால் என்ன சேதியாக இருக்கும் என்று எங்கள் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னோடு கல்லூரியில் படித்தவர்களில் இன்னொருவர் போய்விட்டார். எழுபத்து நான்கு வயது. தூக்கத்திலேயே போனாராம். "குடுத்து வச்சவன்ப்பா" என்றார் சொன்னவர். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

போனை வைத்துவிட்டு அலமாரியிலிருந்து என் நோட்டை எடுத்தேன். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் மனசு அடங்கும். அந்த நோட்டில் எங்கள் வகுப்பு முப்பத்தொரு பேருக்கும் ஆளுக்கு ஒரு வரி. பெயர், உத்தியோகம், குடும்பம், உடல்நிலை, குறிப்பு என்று ஐந்து கட்டம். யாரிடமிருந்து சேதி வந்தாலும் உரிய கட்டத்தில் தேதியோடு எழுதிவிடுவேன். பெட்டிசன் பதிவேடு எழுதிய கை.

"என்ன, ஆஜர் பட்டியல்ல இன்னொருத்தருக்கு ஆப்சென்டா?" என்றாள் என் மனைவி, காப்பி டம்ளரை வைத்தபடி. அவள் இந்த ஊர்க்காரி. அவளுடைய அப்பா ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர். நான் ஓய்வு பெற்றதும் அவள் ஊருக்கே வந்து சேர்ந்தோம். வி.கே.புரத்துக்கு நான் மாப்பிள்ளையாக வந்து, இப்போது தாத்தாவாக இருக்கிறேன்.

அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினால் ஒன்று தெரியும். இருபதுகளில் உத்தியோகக் கட்டம்தான் நிரம்பியிருக்கிறது. யாருக்கு எங்கே வேலை, யார் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து 'சொல்தா' ஆனான், யார் ரெயூனியன் தீவுக்குப் போனான். முப்பதுகளில் குடும்பக் கட்டம். நாற்பதைத் தாண்டியதும் எழுத்தெல்லாம் நான்காவது கட்டத்துக்கு நகர்ந்துவிடுகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், முதுகுவலி, ஒருவனுக்கு வால்வு, ஒருவனுக்குக் குடி. ஐந்தாவது கட்டத்தில் இப்போது பாதிப் பேருக்கு வெறும் தேதி மட்டும் இருக்கிறது.

அன்று மாலை மனசு சரியில்லாமல் பாபநாசம் கோயில் வரை நடந்தேன். சாரல் தொடங்கிவிட்டது. படித்துறையில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தபோது, மேலே கல்யாண தீர்த்தத்தில் இதே ஜூன் மாதத்தில் போன ஒரு மனிதரின் நினைவு வந்தது. வ.வே.சு. ஐயர். அவர் இறந்த கதை உங்களில் பலருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்திருக்கும். இந்த ஊரில் எல்லா வீட்டிலும் பிள்ளைகளை அருவிக்கு அனுப்பும்போது சொல்கிற கதை அது. ஆனால் எனக்கு வேறொரு கேள்வி எழுந்தது. அவரோடு லண்டனில் ஒரே விடுதியில் இருந்த மாணவர்கள் அன்றைக்கு எங்கே இருந்தார்கள்? என்ன வேலை பார்த்தார்கள்? குடும்பம், உடம்பு எல்லாம் எப்படி? அவர்களுக்கும் என் நோட்டைப் போல் ஒரு பக்கம் போட்டுப் பார்த்தால் என்ன?

போட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விடுதி

லண்டனில் ஹைகேட் பகுதியில், கிராம்வெல் அவென்யூ 65-ஆம் எண் வீடு. குஜராத்தைச் சேர்ந்த சியாம்ஜி கிருஷ்ணவர்மா அதை வாங்கி, 1905 ஜூலை 1 அன்று இந்திய மாணவர்களுக்கான விடுதியாகத் திறந்தார். 'இந்தியா ஹவுஸ்' என்று பெயர். சுமார் இருபத்தைந்து பேர் தங்கலாம். வெள்ளைக்காரர் வீடுகளில் இந்திய மாணவனுக்கு அறை கிடைப்பது சிரமமாக இருந்த காலம். நம் ஊர்ச் சாப்பாடும் பேச்சுத் துணையும் கிடைக்கிற இடம் என்றுதான் பலர் வந்தார்கள். வந்த பிறகு பேச்சு விடுதலையைப் பற்றியதாக மாறியது.

1906-இல் விநாயக் தாமோதர் சாவர்க்கர் சட்டம் படிக்க வந்து அங்கே தங்கினார். 1907-இல் திருச்சி வரகனேரியைச் சேர்ந்த வ.வே. சுப்பிரமணிய ஐயர் பாரிஸ்டர் படிப்புக்கு வந்தார். 1881-இல் பிறந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பட்டம் பெற்று, வக்கீலாக இருந்து, ரங்கூன் போய், அங்கிருந்து லண்டன் வந்தார். கல்யாணம் ஆனவர். அவருக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த டாக்டர் தி.சே.சௌ. ராஜன், மருத்துவ மேற்படிப்புக்கு வந்தவர். காவிரிக்கு இந்தக் கரையும் அந்தக் கரையுமாக இருந்தவர்கள் தேம்ஸ் நதி ஊரில் ஒரே அடுப்பில் சமைத்தார்கள்.

சென்னையிலிருந்து மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரி என்ற எம்.பி.டி. ஆச்சார்யா வந்தார். பாரதியார் நடத்திய 'இந்தியா' பத்திரிகை அரசாங்கத்தின் கெடுபிடிக்குத் தப்பிப் புதுச்சேரிக்கு இடம் மாறியபோது அதற்கு உழைத்தவர்களில் ஒருவர். சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா விடுதிக்கு வந்து போகிறவர். பஞ்சாபிலிருந்து வந்த மதன்லால் திங்க்ரா பொறியியல் மாணவர். பாரிசிலிருந்து தாய் போல் பார்த்துக்கொண்டவர் மேடம் காமா, பார்சி அம்மையார்.

அவர்கள் எப்போதும் வெடிகுண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததாக நினைக்க வேண்டாம். மாணவர்கள் மாணவர்களாகவும் இருந்தார்கள். 1909 அக்டோபரில் லண்டன் இந்தியர்கள் விஜயதசமி விருந்து ஒன்று நடத்தினார்கள். சமையல் மாணவர்களே. அன்று சமையலறையில் ஒல்லியான ஒருவர் வந்து பேசாமல் எடுபிடி வேலைகளைச் செய்துகொண்டிருந்தாராம். டாக்டர் ராஜனும் யாரோ தொண்டர் என்று விட்டுவிட்டார். பிறகு ஐயர் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது, அந்த விருந்துக்குத் தலைமை தாங்க வந்த மோகன்தாஸ் காந்தி அவர்தான் என்று. ராஜன் வயதான பிறகு இதை நினைத்து எழுதியிருக்கிறார். எங்கள் வகுப்புக்காரர்கள் கூடினால் தாளாளர் வீட்டு மாங்காய்க் கதையைச் சொல்வோமே, அது போலத்தான்.

ஐயர் லண்டனிலிருந்து பாரதியின் 'இந்தியா'வுக்குக் கடிதங்கள் எழுதி அனுப்பினார். அங்கே நடப்பதெல்லாம் நம் ஊர்த் திண்ணைக்கு வந்தது. சேதி சொல்வதில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

கலைந்த கதை

1909 ஜூலை 1 அன்று திங்க்ரா, சர் கர்சன் வைலி என்ற ஆங்கில அதிகாரியை லண்டனில் சுட்டுக் கொன்றார். ஆகஸ்ட் 17 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். விடுதி மூடப்பட்டது. விடுதி மூடினால் மாணவர்கள் ஊருக்குப் போவார்கள். இவர்களுக்கு ஊருக்கும் போக வழியில்லை.

ஆச்சார்யா, மொராக்கோவில் ஸ்பெயினை எதிர்த்துப் போராடியவர்களோடு சேர்ந்து போர் பழகலாம் என்று புறப்பட்டுப் போனார். அது நடக்கவில்லை. 1910 மார்ச்சில் சாவர்க்கர் கைதானார். ஜூலை 8 அன்று அவரைக் கொண்டுபோன கப்பல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் நின்றபோது, கழிவறைச் சாளரம் வழியாகக் கடலில் குதித்துக் கரை ஏறினார். பிரெஞ்சுப் போலீஸ்காரர் ஒருவர் பிடித்து ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைக் கூட்டிப் போக ஐயரும் காமா அம்மையாரும் வண்டியோடு வந்தார்கள், சற்றுத் தாமதமாகிவிட்டது என்று சொல்வார்கள். பிரெஞ்சு மண்ணில் பிடித்தது செல்லுமா என்று வழக்கு ஹேக் நகரத்து நடுவர் மன்றம் வரை போனது. 1911 பிப்ரவரியில் தீர்ப்பு இங்கிலாந்துக்குச் சாதகமாக வந்தது. ஐம்பது வருஷத் தண்டனையோடு சாவர்க்கர் அந்தமான் போனார்.

ஐயர் மட்டும் சிக்கவில்லை. சீக்கியர் வேஷத்தில் லண்டனை விட்டுத் தப்பினார் என்பது எல்லாரும் சொல்லும் கதை. வழியில் ஒரு துப்பறிகிறவன் பெட்டியில் இருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துகளைக் காட்டிக் கேட்டபோது, "என் பெயர் வீர விக்கிரம சிங்" என்றாராம். என் மனைவியிடம் இதைப் படித்துக் காட்டியபோது, "அப்ப நம்ம ஊர்ப் பேரைச் சொல்லித்தான் தப்பிச்சிருக்காரு" என்றாள். தப்பவைத்த பெயருள்ள ஊருக்கு மேலேதான் பதினைந்து வருஷம் கழித்து அவர் முடிவு இருந்தது.

1910 கடைசியில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அங்கே பாரதியார் 1908 முதல் இருந்தார். அரவிந்தர் அந்த ஆண்டு ஏப்ரலில்தான் வந்திருந்தார். ஐயர் மனைவி பாக்கியலட்சுமி அம்மாளோடும் குழந்தைகளோடும் பத்து வருஷம் அங்கே இருந்தார். வாஞ்சிநாதன் அவரிடம் துப்பாக்கி பழகினார். அதன் முடிவு 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். அது நம் ஜில்லாக் கதை.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் அதே புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவன். பிரெஞ்சு மொழியில் படித்தவன். எங்கள் பாடப் புத்தகத்தில் கோல் நாட்டு வீரர்கள் இருந்தார்கள், நெப்போலியன் இருந்தார், பிரான்சின் ஆறுகள் அத்தனையும் இருந்தன. லுவார் நதி எங்கே பிறக்கிறது என்று இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் தெருக்களில் நடந்த வ.வே.சு. ஐயர் அதில் இல்லை. அவர் அங்கே இருந்துதான் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1916-இல் வெளியிட்டார், தமிழில் சிறுகதை எழுதினார் என்பதெல்லாம் எனக்கு ஓய்வுக்குப் பிறகு, தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்து படித்துத் தெரிந்தது. 

சேரன்மாதேவி

முதல் உலகப் போர் முடிந்த பிறகு தடை நீங்கி, 1920-இல் ஐயர் புதுச்சேரியை விட்டு வந்தார். அப்போது அவர் காந்தி வழிக்கு மாறியிருந்தார். லண்டன் சமையலறையில் எடுபிடி வேலை செய்தவரின் வழிக்கு. சென்னையில் 'தேசபக்தன்' பத்திரிகை ஆசிரியராக இருந்து எழுதியதற்காகச் சிறை போனார். சிறையில் கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நூல் எழுதினார். வெளியே வந்து கல்லிடைக்குறிச்சியில் தொடங்கி, பிறகு சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் நடத்தினார். நாற்பதைத் தாண்டிய மனிதர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல உட்கார்ந்தார்.

ஆனால் அந்தக் குருகுலத்தில் இரண்டு பிராமண மாணவர்களுக்குச் சாப்பாடு தனியே போடப்பட்டது. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்றார். காங்கிரஸ் கட்சிப் பணமும் ஊர்ப் பணமும் வாங்கி நடக்கிற பள்ளியில் இது எப்படி நியாயம் என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டார்கள். கேட்டது சரி. ஐயர் செய்தது தவறு. லண்டனில் எல்லா ஜாதியோடும் மதத்தோடும் ஒரே மேஜையில் சாப்பிட்டவர் சேரன்மாதேவியில் இரண்டு பந்தி போட அனுமதித்தார் என்பதை என்னால் இன்றும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. 1925 ஏப்ரலில் அவர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த வழக்கு அத்தோடு தீரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். தமிழ்நாட்டு அரசியலே வேறு பாதையில் திரும்பியது.

விலகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் தொடக்கத்தில் மாணவர்களையும் தன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாபநாசம் வந்தார். காரையார் அணை அப்போது கிடையாது. ஆறு மலையிலிருந்து வந்தபடியே வரும். கல்யாண தீர்த்தத்தில் மகள் சுபத்திரை தண்ணீர் பாயும் இடத்தைத் தாண்ட முயன்று வழுக்கி விழுந்தாள். அப்பா பின்னாலேயே குதித்தார். இருவரும் கரையேறவில்லை. அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

1925 ஜூன்: என் நோட்டில் ஒரு பக்கம்

அந்த மாதத்தில் விடுதிக்காரர்கள் நிலவரம் என்ன? கட்டம் போட்டதை அப்படியே தருகிறேன்.

சாவர்க்கர்: வயது நாற்பத்திரண்டு. உத்தியோகம் இல்லை, பாரிஸ்டர் படிப்பு முடித்தும் தொழில் செய்ய அனுமதி கிடைக்காதவர். பத்து வருஷம் அந்தமானில் செக்கு இழுத்து, 1924 ஜனவரியில் நிபந்தனையோடு விடுதலை. அரசியலில் ஈடுபடக் கூடாது, ரத்னகிரி மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. குடும்பம்: லண்டனில் இருந்தபோதே ஊரில் முதல் மகன் குழந்தையாகவே இறந்தான். இந்த 1925 தொடக்கத்தில்தான் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. கூட்டாளி மகளோடு போன வருஷம், இவர் கையில் ஐந்து மாதப் பெண். பாபநாசம் வந்து பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தாலும் சட்டப்படி வர முடியாது.

டாக்டர் ராஜன்: வயது நாற்பத்தைந்து இருக்கும். இந்தக் கூட்டத்தில் படித்த படிப்பை வைத்துத் தொழில் நடத்திய ஒரே ஆள். திருச்சிப் பக்கம் பெயர் பெற்ற சர்ஜன். காங்கிரஸ்காரர், கதர்.

ஆச்சார்யா: வயது முப்பத்தெட்டு. பெர்லினில். நடுவில் மாஸ்கோ போய் லெனினைச் சந்தித்தார். 1920-இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியவர்களில் ஒருவர். பிறகு அவர்களோடும் ஒத்துப்போகவில்லை. குடும்பம்: மக்தா நாக்மன் என்ற ரஷ்ய ஓவியரைக் கல்யாணம் செய்துகொண்டார். வருமானம் பத்திரிகைக் கட்டுரைகள், அதாவது பற்றாக்குறை.

சட்டோபாத்யாயா: வயது நாற்பத்து நான்கு, ஐயர் வயதுதான். அவரும் பெர்லினில். அக்கா அந்த ஆண்டு இறுதியில் காங்கிரஸ் தலைவராகப் போகிறார். தம்பி ஊர் திரும்ப முடியாதவர்.

மேடம் காமா: அறுபத்து மூன்று. பாரிசில் தனியாக. சியாம்ஜி கிருஷ்ணவர்மா: அறுபத்தேழு. ஜெனிவாவில், மனைவி பானுமதியோடு. பிள்ளைகள் இல்லை.

திங்க்ரா: இருந்திருந்தால் நாற்பதைத் தாண்டியிருப்பார். லண்டன் பென்டன்வில் சிறை வளாகத்துக்குள் புதைக்கப்பட்டிருக்கிறார்.

இதை எழுதி முடித்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். சரித்திரப் புத்தகத்தில் இவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனி அத்தியாயம். தனித்தனியாகப் பார்த்தால் பெரிய மனிதர்கள். ஒரே பக்கத்தில் சேர்த்துப் பார்த்தால், எங்கள் முப்பத்தொரு பேர் மாதிரியே இருக்கிறார்கள். ஒருவருக்குத் தொழில் அமைந்தது, பலருக்கு அமையவில்லை. ஒருவர் வீட்டில் தொட்டில், ஒருவர் வீட்டில் துக்கம். கொள்கையும் வேறு வேறாகிவிட்டது. ஒருவர் காந்தியவாதி, ஒருவர் காந்தியை எதிர்த்தவர், ஒருவர் கம்யூனிஸ்டாக இருந்து அதையும் விட்டவர். இன்று அவர்களை ஒரே வாட்ஸப் குழுவில் போட்டால் ஒரு வாரத்தில் பாதிப் பேர் வெளியேறிவிடுவார்கள். எங்கள் குழுவில் ஏற்கெனவே ஆறு பேர் போய்விட்டார்கள்.

அதன் பிறகு

சியாம்ஜி 1930 மார்ச் 30 அன்று ஜெனிவாவில் இறந்தார். அவருடைய அஸ்தியும் மனைவியின் அஸ்தியும் 2003-இல்தான் இந்தியா வந்தன. மேடம் காமா பக்கவாதம் வந்த பிறகு, அரசியலில் ஈடுபடுவதில்லை என்று எழுதிக் கொடுத்து 1935-இல் ஊர் திரும்பினார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒன்பது மாதம்தான் இருந்தார்; 1936 ஆகஸ்ட் 13 அன்று பம்பாயில் இறந்தார். 

சட்டோபாத்யாயா சோவியத் நாட்டில் குடியேறி லெனின்கிராடில் ஆராய்ச்சி வேலையில் இருந்தார். ஸ்டாலின் காலத்துக் களையெடுப்பில் பிடிபட்டு 1937 செப்டம்பர் 2 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். எப்படிப் போனார், என்று போனார் என்ற சேதி வீட்டாருக்கே நெடுங்காலம் திட்டமாகத் தெரியாமல் இருந்தது. ஐந்தாவது கட்டம் காலியாகவே இருந்த மனிதர் அவர்.

ஆச்சார்யா ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு ஜெர்மனியை விட்டு, 1935-இல் பம்பாய் வந்தார். மனைவி மக்தாவின் ஓவியங்கள்தான் குடும்பத்தைத் தாங்கின. 1951 பிப்ரவரியில் மக்தா இறந்தார். காசநோயோடும் வறுமையோடும் இருந்து 1954 மார்ச்சில் ஆச்சார்யாவும் போனார். லெனினைப் பார்த்த திருவல்லிக்கேணிப் பையன்.

டாக்டர் ராஜனுக்கு ஐம்பதுக்குப் பிறகுதான் ஏறுமுகம். 1930 ஏப்ரலில் ராஜாஜி வேதாரண்யம் உப்பு யாத்திரையைத் திருச்சியில் ராஜன் வீட்டிலிருந்துதான் தொடங்கினார். 1937-இல் சென்னை மாகாணத்தில் சுகாதார மந்திரி. 1953-இல் காலமானார். போகும் முன் ஒரு காரியம் செய்தார். தன் விடுதித் தோழர் ஐயரின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அந்த வகுப்பின் நோட்டை வைத்திருந்தவர் அவர்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

சாவர்க்கரின் கட்டுப்பாடு 1937-இல் நீங்கியது. அதன் பிறகு அவர் எடுத்த அரசியல் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. அது இங்கே வேண்டாம். 1966 பிப்ரவரி 26 அன்று, எண்பத்திரண்டு வயதில் இறந்தார். திங்க்ராவின் எச்சங்களை 1976-இல் லண்டனிலிருந்து கொண்டுவந்தார்கள். அறுபத்தேழு வருஷம் கழித்து விடுதிக்காரர் ஒருவர் ஊர் திரும்பினார்.

நோட்டு தொடங்கிய நாள்

இந்த நோட்டை நான் ஏன் வைத்திருக்கிறேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும்.

பள்ளியிலும் கல்லூரியிலும் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒருவன். பிரெஞ்சில் படித்துவிட்டு பி.யூ.சி.யில் ஆங்கிலத்தில் பாடம் கேட்டு விழித்தபோது, இரண்டு பேரும் ஒரே அகராதியை மாற்றி மாற்றிப் புரட்டியவர்கள். அவனுடைய அப்பா இந்தோசீனாவில் இருந்த சொல்தா. 1962-க்குப் பிறகு அவர்கள் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தது. என் அப்பா இந்தியாவைத் தேர்ந்தெடுத்தார். கல்லூரி முடிந்ததும் அவன் பிரெஞ்சு ராணுவத்துக்குப் போனான். நான் சர்வீஸ் கமிஷன் எழுதினேன்.

1994-இல் அவனிடமிருந்து கடிதம் வந்தது. பாரிஸ் பக்கத்திலிருந்து. 'மொன் வியே' என்று தொடங்கியிருந்தான். என் கிழவா என்று அர்த்தம். எங்களுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. சிறுநீரகம் போய்விட்டது, வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தான். தன் அப்பாவின் பிறப்புப் பதிவு நகல் ஒன்று வேண்டும், நீதான் ஆபீஸ் ஆள், வாங்கி அனுப்பு என்று கேட்டிருந்தான். கடைசியில் ஒரு வரி: 'நம்ம பசங்க எல்லாம் எங்க இருக்கானுங்க, என்ன பண்றானுங்க, ஒவ்வொருத்தனைப் பத்தியும் எழுது.'

கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்தேன். அந்த மாதம் ஆடிட். அடுத்த மாதம் மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அதற்கடுத்து எனக்குப் பதவி உயர்வுப் பரீட்சை. நகல் வாங்குவதா கஷ்டம்? எழுதுவதா கஷ்டம்? நாளைக்கு, நாளைக்கு என்று நான்கு மாதம் போனது. ஒரு நாள் கறுப்புக் கரை போட்ட அட்டை வந்தது.

மறுநாளே போய் அந்த நகலை வாங்கினேன். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அவன் மனைவிக்கு அனுப்பினேன். நன்றி சொல்லிப் பதில் எழுதியிருந்தார். நகல் தேவைப்படவில்லையாம், வேறு காகிதத்தை வைத்து வேலை முடிந்துவிட்டதாம். 'தபால்காரர் வந்து போகும்போதெல்லாம் பாண்டிச்சேரியிலிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்பார்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

அந்த வாரம் ஒரு நோட்டு வாங்கிக் கட்டம் போட்டேன். அவன் கேட்டது முப்பத்தொரு வரி. அவ்வளவுதான்.

ஐயர் கல்யாண தீர்த்தத்தில் போன சேதி ரத்னகிரிக்கும் பெர்லினுக்கும் பாரிசுக்கும் போய்ச் சேர எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று படித்துறையில் உட்கார்ந்து யோசித்தேன். நமக்குக் கையில் போன் இருக்கிறது. ஆனாலும் யாராவது போன பிறகுதான் அதை எடுக்கிறோம்.

அன்று இருட்டும் நேரத்தில் திரும்பினேன். "மேல கல்யாண தீர்த்தம் வரைக்கும் போனியளா, அண்ணாச்சி?" என்று கேட்டார் ஆட்டோக்காரத் தம்பி. முட்டிவலி, இனி அந்தப் படியெல்லாம் ஏற முடியாது என்றேன்.

வீட்டுக்கு வந்து புதுச்சேரிக்குப் போன் போட்டேன். எங்கள் வகுப்புக்காரர் ஒருவர் இரண்டு வருஷமாகப் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். பேச்சு வராது, காது கேட்கும், நினைவு இருக்கிறது. அவர் மருமகள் போனைக் காதருகே வைத்தாள். நான் நோட்டைத் திறந்து முதல் வரியிலிருந்து ஒவ்வொரு பெயராக வாசித்தேன். யார் எங்கே, என்ன உடம்பு, யாருக்குப் பேரன் பிறந்தான். போனவர்களையும் விடவில்லை. பாரிஸ்காரன் பெயர் வந்தபோது மறுமுனையில் ஏதோ ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான் என்று மருமகள் சொன்னாள்.